ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் கருப்பைவாய்ச் சோதனை தேவையில்லையா?

கேள்வி: எனக்கு வயது 43. பாம்பனுக்கு அருகில் கடலோரக் கிராமம். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் வேலை. இளைய மகள் பிறந்ததுமே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். சில மாதங்களாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருந்ததால் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு வரச் சொல்கிறார். ஸ்கேன் எடுத்த பிறகும் அது வேண்டுமா? உப்புத்தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பதால் புற்றுநோய் வருமா? ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, அதைச் செய்துகொள்ளலாமா?

பதில்: செவிலியர் அழைத்த சோதனைக்கு நீங்கள் அவசியம் செல்ல வேண்டும். வயிற்று ஸ்கேன் கருப்பையின் அளவையும், அதிலுள்ள நார்க்கட்டியையும், சினைப்பையின் நீர்க்கட்டியையும் காட்டும். கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தொடங்குவதோ அதன் மேற்பரப்பை மூடியிருக்கும் மெல்லிய படலத்தில். அந்த நிலையில் ஸ்கேனில் எதுவும் தெரியாது. ஸ்கேன் எடுத்தாயிற்று என்ற நிம்மதியிலேயே சோதனையைத் தட்டிக்கழித்துவிட்டு, ரத்தப்போக்கு கண்ட பிறகு வருகிற பெண்கள் நம் பகுதியில் குறைவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்னும் வைரஸ். அதன் வகைகளில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே ஏறத்தாழ 70 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றுநோய்களை உண்டாக்குகின்றன. தாம்பத்திய உறவின் வழியே பரவும் இந்தத் தொற்று பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றாக மாறும். தொற்று எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், இதை வைத்துக் கணவர்மீதோ மனைவிமீதோ சந்தேகம் கொள்வது வீண். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனில் கருக்குழாய்களை மட்டுமே அடைக்கிறார்கள். கருப்பைவாய் அப்படியேதான் இருக்கிறது, ஆகவே அந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கும் சோதனை தேவை.

சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசியோ மயக்க மருந்தோ கிடையாது. ஸ்பெகுலம் என்னும் கருவியால் பாதையை விரித்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் உள்ள அதே அமிலத்தில், நனைத்த பஞ்சைக் கருப்பைவாயில் வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றமடைந்த இடம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துத் தெரியும். சில இடங்களில் அயோடின் கரைசலும் தடவுவார்கள். நல்ல திசு கரும்பழுப்பாகும், மாறிய திசு மஞ்சளாகவே நிற்கும். இவ்வளவு எளிய சோதனையால் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு ஒரே ஒருமுறை இதைச் செய்து பார்த்த ஆய்வில், கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், மாற்றம் நிகழும் பகுதி உள்ளே சென்றுவிடுவதால், இந்த முறை அவ்வளவு உதவாது. அவர்கள் ஹெச்பிவி சோதனையோ, கருப்பைவாயின் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ செய்துகொள்வது நல்லது.

வெள்ளைத் திட்டு தெரிந்தது என்று சொன்னால் புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலும் அது வெறும் அழற்சியாகவோ, ஆரம்ப மாற்றமாகவோதான் இருக்கும். மருத்துவமனையில் கால்போஸ்கோப் கருவியால் உருப்பெருக்கிப் பார்த்து, வேண்டுமானால் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். மாற்றம் உறுதியானால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ, சூட்டால் அழித்தோ, மின்கம்பி வளையத்தால் வெட்டியோ அகற்றிவிடலாம். கருப்பையையே எடுக்க வேண்டியதில்லை. வெறும் வெள்ளைப்படுதலுக்காகக் கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். என்னைக் கவலைப்படுத்துவது, சோதனைக்கு வராதவர்களைவிட, வந்து, திட்டு இருப்பதாகத் தெரிந்து, ராமநாதபுரத்துக்குப் போகச் சொன்ன பிறகு போகாதவர்கள்தான். ஒருநாள் பாசியும் கூலியும் போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் மீன்பிடித் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டது சிஏ 125 ஆக இருக்கலாம். அது ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை அளப்பது, சினைப்பைப் புற்றுநோய் தொடர்பானது. மாதவிடாய், நார்க்கட்டி, காசநோய் ஆகியவற்றிலும் அதன் அளவு கூடும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், இந்தச் சோதனையாலோ ஸ்கேனாலோ சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை என்று 2021-இல் தெரியவந்தது. தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். மற்றபடி அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடல்நீரால் புற்றுநோய் வராது. ஈரத் துணியோடு நெடுநேரம் இருப்பதால் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த உள்ளாடை மாற்றுங்கள். ஆனால் வெள்ளைப்படுதல் துர்நாற்றத்தோடோ ரத்தம் கலந்தோ வந்தாலும், உறவுக்குப் பின்னரோ இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ ரத்தம் கண்டாலும், முகாம் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் அப்படியே. அது கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும், அங்கே ஸ்கேனுக்கு வேலை உண்டு.

உங்கள் மகள் 9 முதல் 14 வயதுக்குள் இருந்தால் ஹெச்பிவி தடுப்பூசி பற்றியும் செவிலியரிடம் கேளுங்கள். நீங்கள் சோதனைக்குச் செல்வது அந்த மாதத்து விலக்கு நாட்களின் ரத்தப்போக்கு முழுவதும் நின்ற பிறகாக இருக்கட்டும். முந்தைய இரண்டு நாட்களில் உறவைத் தவிர்த்துவிடுங்கள். அரிப்புக்காக உள்ளே வைக்கும் மாத்திரை எதுவும் இப்போது பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை முடித்துவிட்டுச் செல்லுங்கள்.