ஐந்து தலையும் தம்போலா பையும்

வணக்கம் சார்,

எங்கள் செம்பூர் சொசைட்டியில் கணபதி பூஜையன்று தம்போலா (பையிலிருந்து 1 முதல் 90 வரையான எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிட, அவரவர் சீட்டில் அடித்துக்கொள்ளும் ஆட்டம்). 60 எண் கூப்பிட்டும் என் சீட்டில் 7 மட்டும் பாக்கி. "இவ்வளவு நேரம் வரலை, இனி வந்துதானே ஆகணும்" என்றார் மாமனார். மறுவாரம் மகள் காசு சுண்டினாள். தொடர்ந்து ஐந்து தலை. "அடுத்தது பூதான்" என்றார். பன்னிரண்டாவது படிக்கும் அவள், "தாத்தா, இது தப்பு" என்கிறாள். அங்கே சரியான பேச்சு இங்கே எப்படித் தப்பாகும்?

ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

தம்போலாவில் எடுத்த எண் திரும்பப் பைக்குள் போவதில்லை. தொடக்கத்தில் 7க்கு வாய்ப்பு 90இல் 1. அறுபது போனபின் மிச்சம் 30தானே, வாய்ப்பும் 30இல் 1 ஆகிவிட்டது. மாமனார் சொன்னது நியாயம். (அதற்காக அடுத்ததே 7 என்று எழுந்து நின்றுவிடாதீர்கள்.) இதுதான் சார்ந்த நிகழ்ச்சி.

காசில் எதுவும் தீர்ந்துபோவதில்லை. ஆறாவது முறையும் பாதிக்குப் பாதிதான். ஆறும் தலையாக விழுவது அபூர்வம், 64இல் 1 என்று அவர் வாதாடுவார். ஐந்து தலைக்குப் பிறகு ஒரு பூ விழுவதும் அதே 64இல் 1 என்று சொல்லிப் பாருங்கள். 1913இல் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் (சிவப்பு, கறுப்புக் கட்டங்கள் உள்ள சுழல் சக்கரம்) பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று கட்டியவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். உங்கள் மாமனாருக்குத் துணை நிறையப் பேர்.

முதல் சேதி தெரிந்தபின் இரண்டாவதைப் பற்றிய நம் கணக்கு மாறுகிறதா? மகள் இதை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். மாறாவிட்டால் சார்பற்றவை, இரண்டு வாய்ப்பையும் அப்படியே பெருக்கலாம். பாடப்புத்தகம் பந்தும் பையுமாகவே நின்றுவிடுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வெளியே, ஒன்றையொன்று தொடாத இரண்டைக்கூட மூன்றாவது ஒன்று சேர்த்துக் கட்டிவிடும்.

ஆனி மாதம், மாட்டுங்காவில் கல்யாணம். நான் ஒரு லைனில், மனைவி வேறொரு லைனில். ஒரு ரயில் தாமதமாக 10இல் 1 என்றால் இரண்டும் தாமதமாக 100இல் 1. யாராவது ஒருவர் முகூர்த்தத்துக்கு நிற்போம் என்று பெருக்கிவைத்திருந்தேன். அன்று பிடித்த மழைக்கு லைன் கணக்கெல்லாம் தெரியவில்லை. இரண்டு பேரும் சொட்டச் சொட்டப் போய் நின்றபோது பந்தியில் மோர் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.