பைகேம்ல (பைத்தான்ல கேம் எழுத உதவுற லைப்ரரி) ஸ்பேஸ் பார் தட்டினா சில நேரம் மட்டும்தான் குண்டு பாயுது, பைத்தான் ஸ்லோங்கிறதாலயா?

இல்ல தம்பி, பைத்தான் மேல பழி போடாதீங்க. நீங்க அனேகமா காலேஜ் படிக்கிறீங்க, ஏதோ வீடியோ பாத்து கேம் எழுத ஆரம்பிச்சு, ப்ளேயர், எதிரின்னு தனித்தனி ஃபைலா பிரிச்சிருப்பீங்க. அப்படின்னா மொத வேலையா பைகேம்.ஈவென்ட்.கெட் (கீ தட்டுறது, விண்டோவை மூடுறது மாதிரி ஈவென்ட்டை எல்லாம் எடுத்துத் தர்ற கட்டளை) எத்தனை எடத்துல இருக்குன்னு எடிட்டர்ல தேடுங்க. ஒரு எடத்துக்கு மேல இருந்தா அங்கதான் பிரச்சனை.

எங்க அக்கா பையனுக்கும் இதேதான் நடந்துச்சு. ப்ளேன்ல பறந்து சுடுற கேம், தட்டுறதுல பாதி தடவைதான் சுடும். சீனியர் ஒருத்தர் "பைத்தான்னா இப்படித்தான், உன் லேப்டாப்பும் பழசு"ன்னு சொல்லிட்டுப் போக, எங்க மாமா இஎம்ஐ போட்டு கேமிங் லேப்டாப் வாங்கக் கெளம்பிட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், அவன் எழுதின ப்ரோக்ராமை ஒருத்தர் கூட தொறந்து பாக்கல!

மெயின், ப்ளேயர்னு அவன் வெச்சிருந்த ரெண்டு ஃபைல்லயும் வர்ற ஈவென்ட் எல்லாத்தையும் பிரிண்ட் பண்ண வெச்சேன். லூப் ஆரம்பத்துல மெயின் ஃபைல் கெட் கூப்பிட்டு க்விட் (விண்டோவை மூடச் சொல்ற ஈவென்ட்) வந்திருக்கான்னு மட்டும் பாக்குது. அடுத்து பெரிய பேக்ரவுண்ட் படத்தை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஸ்கேல் பண்ணி வரையுது. அதுக்கப்புறம் ப்ளேயரோட அப்டேட் மறுபடி கெட் கூப்பிட்டு கீடவுன் (கீயை அமுக்கின ஈவென்ட்) இருக்கான்னு தேடுது. கெட் கூப்பிட்டா க்யூல (ஈவென்ட் எல்லாம் வரிசையா காத்திருக்கிற எடம்) இருக்கிறது மொத்தமும் வந்துரும், க்யூ காலி. ஒரே உண்டியலை ரெண்டு பேர் மாத்தி மாத்தி தொறக்கிற மாதிரி. படம் வரையிற நேரத்துல தட்டின ஸ்பேஸ் ப்ளேயர் கைக்குப் போகுது, க்ளாக்.டிக் (அடுத்த ஃப்ரேம் நேரம் வரைக்கும் லூப்பை நிறுத்தி வைக்கிறது) காத்துக்கிட்டு நிக்கிற நேரத்துல தட்டினது மெயின் கைக்குப் போகுது, அது க்விட் இல்லைன்னதும் தூக்கிப் போட்டுருது.

60 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா, ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லிசெகண்டு சொச்சம். பழைய லேப்டாப் அந்தப் படத்தை வரையவே அதுல பாதியை எடுத்துக்கிட்டதாலதான் பாதி குண்டாவது பாஞ்சுது. புது லேப்டாப் சட்டுனு வரைஞ்சு முடிச்சிட்டு மிச்ச நேரம் பூரா டிக்லயே நிக்கும், அப்ப வர்ற கீ எல்லாம் மெயினுக்குத்தான். அவ்ளோ காசு போட்டு வாங்கியிருந்தா சுடறதே கிட்டத்தட்ட நின்னிருக்கும்.

ஒரு ஃப்ரேமுக்கு ஒரே ஒரு கெட். வர்ற லிஸ்டை ஒரு வேரியபிள்ல வெச்சு, யாருக்கெல்லாம் வேணுமோ அவங்க அப்டேட்டுக்கு அனுப்புங்க. சுடறதுக்கு கீடவுன், அமுக்கிப் பிடிச்சு நகர்றதுக்கு கீ.கெட்_ப்ரெஸ்டு. வெடிக்கிற எஃபெக்டுக்கு டைம்.ஸ்லீப் போட்டிருந்தா அதையும் எடுத்துருங்க, அந்த நேரம் லூப்பே நின்னுரும், 5 செகண்டு போல இழுத்தா விண்டோஸ் நாட் ரெஸ்பாண்டிங்னு காட்டும். கெட்_டிக்ஸ்ல (கேம் ஆரம்பிச்சு எத்தனை மில்லிசெகண்டு ஆச்சுன்னு சொல்றது) நேரத்தைக் குறிச்சு வெச்சு ஒப்பிட்டாலே போதும்.

"மெயின்ல கெட்டுக்குள்ள க்விட்டை மட்டும் கேட்டா மத்தது க்யூலயே இருக்குமே"ன்னு யாராவது வருவாங்க. இருக்கும், தெரியும், ஆனா மிச்சத்தை யாரும் எடுக்கலைன்னா க்யூ ரொம்பிரும், ஆரம்பிக்கிறவங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பைத்தான் சி++ வேகத்துக்கு ஓடும்னும் நான் சொல்லல. ஆனா ஒரு கீயைப் படிக்கிறதுக்கு அந்த வேகம் எதுக்கு?

இந்த "பைத்தான் ஸ்லோ" பேச்சு எங்கேருந்து வருதுன்னா, பாதிப் பேர் ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து ரெடிமேடா வாங்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு குடுத்துட்டு பாஸாகி வந்தவங்க. வைவால "எத்தனை பக்கம், ஃபார்மட் சரியா"ன்னு கேக்குறாங்களே தவிர, ஒரு வரியை மாத்தி ஓட்டிக் காட்டுன்னு கேக்க ஆளில்ல. சொந்தமா எழுதுற பையன் ப்ரோக்ராம்ல இருக்கிற ஒரு தப்போட ராத்திரி பூரா மல்லாடுறான், அவனுக்கு மார்க் கம்மி. இதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

சரி, கெட் ஒரே எடத்துலதான் இருக்குன்னா, ஈவென்ட்.க்ளியர் எங்கயாவது இருக்கான்னு பாருங்க, அதுவும் கீயை முழுங்கும். அப்பவும் சரியாகலைன்னா வைல் லூப் முழுசையும் இங்க டெக்ஸ்டா போடுங்க, பாத்து சொல்றேன்.