விசா 2033 வரை இருக்கிறது, அம்மா டிசம்பர் வரை தங்கலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஏப்ரல் மத்தியில் வந்தார்கள். அக்டோபர் 14 வரை தங்க அனுமதி, அன்றைக்கு முந்தைய வாரமே திரும்பும் டிக்கெட். ஆகஸ்டில் சிசேரியன் நடந்தது. தையல் போட்ட இடத்தில் தொற்று ஏற்பட்டு மறுபடியும் மருத்துவமனையில் சேர வேண்டியதாகிவிட்டது. அம்மா டிசம்பர் 20 வரை கூட இருந்தால் நன்றாக இருக்கும். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவோ, குறித்த தேதியில் ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார். "விசாதான் 2033 வரை இருக்கிறதே, எதற்கு விண்ணப்பம் எல்லாம்?" என்கிறார் குடும்ப நண்பர் ஒருவர். விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா, பதில் வராமலே அக்டோபர் 14 தாண்டிவிட்டால் என்ன ஆகும், எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஆலோசனையைக் கேட்டு நடந்தால் அம்மாவின் விசாவே போய்விடும். விசா என்பது அமெரிக்க விமான நிலையம் வரை வந்து, உள்ளே விடுங்கள் என்று கேட்பதற்கான அனுமதி மட்டும்தான். வந்தவர் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே கவுன்டரில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அவர் தரும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறுகிறது. சுற்றுலா விசாவான பி-2வில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும். விசா பத்து வருடத்துக்கு இருந்தாலும் அம்மாவைப் பொறுத்தவரை கணக்கில் வரும் தேதி அக்டோபர் 14தான். இதன் மறுபக்கமும் உண்மை: உள்ளே இருக்கும்போது விசா காலாவதியானால் கவலை இல்லை, ஐ-94 தேதி மீதி இருந்தால் போதும்.

அந்தத் தேதியை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்கு 2013 முதல் காகித ஐ-94 கிடையாது. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்தால் பதிவு வரும். இங்கே நம் ஊர்க்காரர்கள் பலர் மாட்டிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்ற மூன்று எழுத்தைப் போட்டிருப்பார்கள். அம்மாவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி தேடிப் பதிவு வரவில்லை என்றால் பதற வேண்டாம், விசாவில் அச்சிட்டிருப்பதுபோலவே போட்டுத் தேடுங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதியோடு ஐ-94ஐ நிறுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. தேதியோ விசா வகையோ தவறாகப் பதிவாகியிருந்தால், பெரிய விமான நிலையங்களில் உள்ள அதே துறையின் 'டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம்.

சரி, விண்ணப்பிக்காமல் தங்கிவிட்டால் என்ன? ஒரே ஒரு நாள் கூடினாலும் 2033 வரை இருக்கும் அந்த விசா சட்டப்படி தானாகவே செல்லாததாகிவிடும். அடுத்த முறை வர, சென்னை அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள தூதரகத்தில் முதலிலிருந்து விண்ணப்பித்து, போன தடவை ஏன் கூடுதலாகத் தங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடத் தடை. அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு, பேரக்குழந்தையைப் பத்து வருடம் நேரில் பார்க்க முடியாது என்பது சாதாரண தண்டனை இல்லை. டிக்கெட் போடும்போது நள்ளிரவையும் கவனியுங்கள். 14ஆம் தேதி இரவு விமானம் என்று நாம் பேச்சில் சொல்வது, 15ஆம் தேதி அதிகாலை 1 மணி விமானமாக இருக்கும்.

ஆகவே அம்மாவுக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். படிவத்தின் பெயர் ஐ-539, அனுப்ப வேண்டிய இடம் யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியேற்றச் சேவைத் துறை. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர். பணம் கட்டும் நாளில் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐ-94 முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்னால் போடுங்கள் என்று அந்தத் துறையே அறிவுறுத்துகிறது. உங்களுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, அதனால் இந்த வாரமே உட்காருங்கள். 45 நாள் என்பது அறிவுரைதான். ஆனால் ஐ-94 தேதிக்குள் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. கையெழுத்து விட்டுப்போய், கட்டணம் குறைந்து என்று ஏதாவது காரணத்தால் படிவம் திரும்பி வந்தால், முதலில் அனுப்பிய தேதி உங்களுக்கு உதவாது. இதனால்தான் நான் எப்போதும் இணைய வழியைச் சொல்கிறேன். சமர்ப்பித்த சிறிது நேரத்தில் ரசீது எண் வந்துவிடும். கைரேகைக்குக் கூப்பிட்டால் போய் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் இப்போது இல்லை.

படிவத்தை நிரப்புவது சுலபம். விண்ணப்பத்தின் உயிர் கூடவே வைக்கும் கடிதத்தில் இருக்கிறது, பலர் இரண்டே வரியில் முடித்துவிடும் இடமும் அதுதான். அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை மூன்று: ஏன் கூடுதல் நாள் தேவை, அது தற்காலிகம் என்பதற்கும் கிளம்ப ஏற்பாடு இருக்கிறது என்பதற்கும் என்ன ஆதாரம், இந்த நீட்டிப்பால் ஊரில் உள்ள வேலைக்கோ வீட்டுக்கோ என்ன பாதிப்பு. உங்கள் விஷயத்தில் காரணம் வலுவானது. சிசேரியன், தொற்று, மறுபடி மருத்துவமனை, எத்தனை வாரம் ஓய்வு தேவை என்பதையெல்லாம் தேதிகளோடு உங்கள் மருத்துவரிடம் கடிதமாக வாங்கி வையுங்கள். டிசம்பர் 20க்கு மாற்றிய டிக்கெட்டின் நகல் வேண்டும். அம்மா வேலைக்குப் போகாதவர் என்றால் ஊரோடு என்ன பிடிப்பு என்று காட்ட, சொந்த வீட்டின் வரி ரசீது, அப்பா அக்டோபரிலேயே திரும்புகிறார் என்பதற்கான டிக்கெட், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு எல்லாம் உதவும். இங்கே ஆகும் செலவை நீங்களும் கணவரும் பார்த்துக்கொள்வதாக இருந்தால், ஐ-134 உறுதிமொழியோடு சம்பளச் சீட்டும் வங்கி விவரமும் இணையுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட், விசா, ஐ-94 நகல்கள் கட்டாயம்.

கடிதத்தில் "பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள" என்று எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். மகளின் உடல் தேறும் வரை அம்மா கூட இருப்பது குடும்பத்தைப் பார்க்க வந்ததன் ஒரு பகுதி, அதைத் தயங்காமல் எழுதலாம். ஆனால் பிரசவ விடுப்பு முடிந்து நீங்கள் அலுவலகம் போவதற்காக, சம்பளத்துக்கு ஆள் வைக்கும் இடத்தில் அம்மாவை வைப்பதுதான் உண்மையான தேவை என்றால், அதை அதிகாரி வேலை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. அப்போது சொல்லை மாற்றி எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்தத் தேவைக்கு இந்த நீட்டிப்பு ஏற்றதல்ல, வேறு வழி தேடுங்கள். அம்மா கையெழுத்துப் போடும் காகிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. பின்னாளில் கிரீன் கார்டு வரை அது துரத்திக்கொண்டு வரும்.

எந்தத் தேதி வரை கேட்பது? ஒரு முறைக்கு ஆறு மாதத்துக்கு மேல் தர மாட்டார்கள். கிடைப்பது கிடைக்கட்டும் என்று முழு ஆறு மாதமும் கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிசம்பர் 20க்கு டிக்கெட்டைக் காட்டிவிட்டு ஏப்ரல் வரை கேட்டால், கடிதத்தில் சொன்ன காரணமே பலவீனமாகிவிடும். விமானம் ரத்தாவது, உடம்புக்கு முடியாமல் போவது போன்றவற்றுக்கு இரண்டு, மூன்று வாரம் சேர்த்து ஜனவரி 10 வரை கேளுங்கள்.

இனி உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருவோம். அக்டோபர் 14க்குள் பதில் வருவது சந்தேகம்தான். பல மாதம் ஆகும், சிலருக்குக் கேட்ட காலமே முடிந்த பிறகும் பதில் வருவதில்லை. விண்ணப்பம் உரிய காலத்தில், நியாயமான காரணத்தோடு போயிருந்தால், பதிலுக்குக் காத்திருக்கும் காலத்தைச் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கிட மாட்டார்கள். அதனால் அக்டோபர் 15 அன்று அம்மா பயமில்லாமல் வீட்டில் இருக்கலாம். ஆனால் காத்திருப்பதும் நீட்டிப்புக் கிடைப்பதும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொள்பவர்கள்தான் கடைசியில் சிக்கலில் விழுகிறார்கள். அந்தப் பாதுகாப்பு, பதில் வரும் வரைக்கும், நீங்கள் கேட்ட தேதி வரைக்கும்தான்.

அனுமதி கிடைத்தால் அந்தக் கடிதத்தின் அடிப்பகுதியிலேயே புதிய ஐ-94 இருக்கும். மறுத்தால், மறுப்புத் தேதிக்கு அடுத்த நாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் ஓட ஆரம்பிக்கும். பழைய ஐ-94 தேதியும் ஏற்கெனவே முடிந்திருப்பதால் விசாவும் செல்லாது. அந்த நிலையில் கிடைக்கும் முதல் விமானத்தில் அனுப்பி வையுங்கள், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பதிலே வராமல் டிசம்பர் 20 வந்துவிட்டால் அம்மா தாராளமாகக் கிளம்பலாம். விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், கட்டிய பணம் திரும்பாது, ஆனால் பாதிப்பு எதுவும் இல்லை. சொல்லப்போனால், மறுப்பு வருவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது விசாவைக் காப்பாற்றிக்கொள்ள நல்ல வழி. ஜனவரி 10ஐயும் தாண்டித் தங்க நேர்ந்தால் மட்டும், அந்தத் தேதிக்குள் இன்னொரு ஐ-539 போட வேண்டும்.

இடையில் நயாகராவுக்குப் போய்க் கனடா பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். குறுகிய பயணமாகக் கனடா போய்த் திரும்பினால் பழைய ஐ-94 தேதியே தொடர்வதுதான் வழக்கம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது எல்லையைத் தாண்டினால் அதைக் கைவிட்டதாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு விண்ணப்பம் வேண்டாம். கணவன் மனைவி இருவரும் ஒரே ஐ-539ல், இணைப்புப் படிவம் ஐ-539ஏ வைத்து, ஒரே கட்டணத்தில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அது இருவரும் தங்கப்போகிற குடும்பத்துக்கு. ஒருவர் கிளம்புவது உறுதி என்றால் தங்குகிறவர் தனியாகப் போடுவதே தெளிவு. அதோடு, ரயில்வே ஓய்வூதியக்காரர் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டியவர். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியத் தூதரகம் மூலம் அதைக் கொடுக்க முடியும் என்றாலும், ஊருக்குப் போகத் துடிக்கிற மனிதரை எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்!

இதையெல்லாம் பார்க்கிற மும்முரத்தில் மறந்துபோவது மருத்துவக் காப்பீடு. அம்மாவின் பயணக் காப்பீடு அக்டோபரோடு முடியும். அது முடிவதற்கு முன்பே அதே பாலிசியை நீட்டியுங்கள். முடிந்த பிறகு புதிதாக எடுத்தால், இடையில் வந்த நோயைப் பழைய நோய் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எத்தனை நாளுக்கு மீதி இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். நம் ஊர் மருந்துச் சீட்டுக்கு இங்குள்ள மருந்துக் கடையில் கொடுக்க மாட்டார்கள், இங்கே உரிமம் பெற்ற மருத்துவர் எழுத வேண்டும்.

சிங்கப்பூர், பிரிட்டன், பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு நாமும் நீட்டிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. விசா இல்லாமல் எஸ்டா அனுமதியில் 90 நாளுக்கு வந்தவர்களுக்கு இந்த நீட்டிப்பே கிடையாது.

அடுத்த வருடமே அம்மாவை மறுபடி அழைக்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இத்தனை மாத இடைவெளி வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் இங்கேயே இருப்பவரைப் பார்த்தால், இவர் விருந்தாளியா, குடியிருப்பவரா என்ற சந்தேகம் விமான நிலைய அதிகாரிக்கு வரும். இங்கே இருந்த அளவு காலமாவது ஊரில் இருந்துவிட்டு வருவது பாதுகாப்பு. வரும்போது ஐ-539 ரசீது, அனுப்பிய விண்ணப்பத்தின் நகல், டிசம்பரில் கிளம்பிய போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் விழுந்த இந்தியக் குடிநுழைவு முத்திரை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக் கொடுங்கள். பெட்டியில் போட்டுவிட்டால் அதிகாரி கேட்கும் நேரத்தில் கைக்கு எட்டாது.