பாலாற்றங்கரையில் நெரிசல், மலையில் வெறுமை: வேலூர் மாவட்டம் பற்றிக் கேள்வி பதில்

2019-இல் மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய வேலூர் மாவட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். எண்கள் 2011 கணக்கெடுப்பிலிருந்து.

கேள்வி (ஆம்பூர்): சதுர கிலோமீட்டருக்கு 648 பேர் என்கிறார்கள். எங்கள் பஜாரில் கால் வைக்க இடமில்லையே, இது சரியான கணக்கா?

கணக்கு சரிதான். 39.36 லட்சம் பேரை 6,077 சதுர கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் அதுதான் வரும். ஆனால் அந்தப் பரப்பில் ஜவ்வாது மலையின் ஒரு பகுதி, ஏலகிரி, குடியாத்தம் பக்கத்துக் காடு எல்லாம் அடக்கம். சனம் முக்கால்வாசி கீழேதான் இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு என்று வரிசையாகப் பாருங்கள். இரு பக்கமும் மலை, நடுவில் பாலாறு. ஆற்று மணலில் கால்வாய் வெட்டி ஊற்றுநீரை வயலுக்குக் கொண்டுபோன காலத்திலேயே ஊர்கள் அங்கே நெருங்கிவிட்டன. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. அப்புறம் அதே பள்ளத்தாக்கு வழியாக ஜோலார்பேட்டை நோக்கி நீண்டது. தோல் பதனிடத் தண்ணீர் வேண்டும், சரக்கை மெட்ராஸுக்கு அனுப்ப ரயில் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் இதே வழியில்தான் போகிறது. ஆற்றை நம்பி வந்த கூட்டம், ஆறு வறண்ட பிறகும் கலையாததற்கு ரயிலும் சாலையும் தொழிலும்தான் காரணம். தோல் கழிவு கிணற்று நீரைக் கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பும் வந்தது. அதற்காக யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. வேலை இங்கே இருக்கும்போது எங்கே போவார்கள்?

கேள்வி (அணைக்கட்டு): ஜவ்வாது மலையில் ஏன் எல்லாம் சின்னச் சின்ன ஊர்களாகவே இருக்கின்றன?

சாமையும் மற்ற புன்செய்ப் பயிர்களும் விளையும் சரிவு நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அங்குள்ள மலையாளி பழங்குடியினர் நிலத்தை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டார்கள். ஊர் பெருத்தால் காட்டுக்கு நடக்கும் தூரமும் கூடும். நல்ல சாலை போட்டுக் கொடுத்திருந்தால் சில ஊர்களாவது பெருத்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி (அரக்கோணம்): எங்கள் பக்கம் மலையும் இல்லை, பெரிய நகரமும் இல்லை. ஆனால் நடந்தால் அடுத்த ஊர் வந்துவிடுகிறதே?

ஏரிகளைப் பாருங்கள். காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. மகேந்திரவாடி ஏரி பல்லவர் காலத்தது. ஏரிக்கு ஓர் ஊர், மதகுக்குக் கீழே நன்செய், வயல் நடுவே மேடான இடத்தில் வீடுகள். ஏரிகள் நெருக்கம், ஊர்களும் நெருக்கம். ஊரும் சேரியும் தள்ளித் தள்ளி இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியைத் தண்ணீர் உண்டாக்கவில்லை, சாதி உண்டாக்கியது.

கேள்வி (சத்துவாச்சாரி): வேலூர் மக்கள்தொகை ஓரிடத்தில் 1.85 லட்சம், இன்னோரிடத்தில் 4.8 லட்சம். எது சரி?

இரண்டும். முதலாவது பழைய மாநகராட்சி எல்லைக்குள். இரண்டாவதில் உங்கள் ஊரும் காட்பாடிப் பக்கமும் சேர்ந்திருக்கிறது.

கேள்வி (காட்பாடி): சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளிகளும் வி.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களும் இதில் உண்டா?

விடுதி மாணவர்கள் உண்டு. வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் சில வாரம் தங்குபவர்கள் பெரும்பாலும் அவரவர் சொந்த ஊர்க் கணக்கில்தான் வருவார்கள். ஆற்காடு சாலையில் வங்காள எழுத்தில் பலகை மாட்டி மீன்குழம்பு விற்கும் கடைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வராத ஆட்களை நம்பித்தான் நடக்கின்றன. குடிநீரும் குப்பையும் திட்டமிடுபவர்கள் 4.8 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கட்டாயம் பற்றாது.