‘ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்’ முடிவு குறித்து

வணக்கம். 2022இல் வெளியான இக்கொரியத் தொடரில், காதலர்கள் பிரிந்துவிடும் இறுதிப் பகுதியான 16ஆம் பகுதியைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை என்றும், ஏமாற்றப்பட்டதாக உணர்வதாகவும் எழுதியிருந்தீர்கள். வருத்தம் நியாயமானதே, நானும் அழுதேன். ஆயினும் ஏமாற்றினார்கள் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கொரியாவில் பிள்ளைகள் பெரும்பாலும் தந்தையின் குடும்பப்பெயரையே பெறுவதால், நாயகி ஹீ-தோவின் மகள் ‘கிம்’ மின்-சே என்று தெரிந்தபோதே, நாயகன் பேக் யீ-ஜின் அவளுடைய தந்தை அல்லர் என்ற குறிப்பு நமக்குக் கிடைத்துவிட்டது. நாம்தான் அதை நம்ப மறுத்தோம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில் செய்தியாளராகப் பிறர் துயரத்தை நாள்தோறும் சுமந்த யீ-ஜின், அதை ஹீ-தோவிடம் பகிராமல் ஒதுங்கியதே பிரிவின் வேர். பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய காலணி நாடாவை அவர் கட்டிவிடும் காட்சியைச் சில நாள்கள் கழித்து மறுபடி பாருங்கள். அங்கே அன்பு குறைந்திருக்கவில்லை.