மும்பை மழையும் சீனத்து மண் பூதமும்

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவருகிறேன். மழை தொடங்கினால் போதும், வயிறு மந்தமாகிக் கால்கள் கனத்துப் போகின்றன. சீனரின் பஞ்ச பூதக் கணக்கில் இது மண்ணின் பருவம், மண்ணுக்கு உரிய சுவை இனிப்பு, ஆகவே இனிப்பைக் கூட்டிக்கொள் என்கிறார் யோகா வகுப்புத் தோழி. செய்யலாமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: வேண்டாம். தோழி சொன்ன கணக்கு சரிதான். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் உங்களுக்கு ஆகாது.

நம் பூதங்கள் நிலம், நீர், தீ, வளி, வானம். சீனரின் ஐந்தோ மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். அவர்கள் வழங்கும் 'வூ ஷிங்' என்னும் பெயரில் 'ஷிங்' என்பதற்கு இயங்குதல் என்று பொருள். மரம் எரிந்து நெருப்பாகிறது, நெருப்பின் சாம்பல் மண்ணாகிறது, மண்ணுக்குள் உலோகம் விளைகிறது, குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் அரும்புகிறது, அந்நீர் மரத்தை வளர்க்கிறது என்று ஆண்டையே ஒரு சுழற்சியாகக் கண்டு, வசந்தத்தைக் கல்லீரலோடும், கோடையை இதயத்தோடும், இலையுதிர்காலத்தை நுரையீரலோடும், குளிர்காலத்தைச் சிறுநீரகத்தோடும் இணைத்தார்கள். கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்குமுன் வரும் புழுக்க நாட்கள் மண்ணுக்கும் மண்ணீரலுக்கும் உரியவை. (நம் மொழியிலும் அந்த உறுப்பின் பெயரில் மண் ஒட்டிக்கொண்டிருப்பது ரசிக்கத்தக்கது.) ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாட்களும் மண்ணுக்கு உரியவை என்னும் வேறொரு கணக்கும் அவர்களின் பழைய மருத்துவ நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்'கிலேயே உண்டு.

மண்ணின் பருவத்துக்கு அவர்கள் சொல்லும் குணம் ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, உப்பு ஜாடியில் நீர் கோத்து, அப்பளம் நமத்து, அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை படரும் மும்பையில் அந்தப் பருவம் நான்கு மாதம் நீடிக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. ஈரம் மிகுந்தால் உடல் கனக்கும், வயிறு உப்பும், நாக்கில் மாவு படியும் என்கிறது அவர்கள் மருத்துவம். ஆனால் அங்கே இனிப்பு என்பது தினை, பூசணி, சர்க்கரைவள்ளி போன்றவற்றின் மெல்லிய இயல்புச் சுவை. பால்கோவாவும் ஜிலேபியும் ஈரத்தைக் கூட்டும் என்றே அந்த மருத்துவரும் தடுப்பார். உங்களுக்கோ சர்க்கரைவள்ளியும் அளவோடுதான். மழை பெய்யும்போது மனம் தேடும் வடாபாவையும் பஜ்ஜியையும் குறைத்து, இரவுச் சாப்பாட்டை எளிதாக்கி, வெல்லம் சேர்க்காத சுக்கு வெந்நீர் அருந்துங்கள். சுக்கு சீனருக்கும் வயிற்று மருந்துதான்.

கால் கனத்தை மட்டும் ஈரத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அது வீக்கம். சிறுநீரகத்தையும் இதயத்தையும் மருத்துவர் சோதிக்க வேண்டும். நோயின் காரணத்தைக் கண்டறியும் கருவியாக இந்தக் கோட்பாடு நிறுவப்படவில்லை. பருவம் பார்த்து உண்ணப் பழக்கும் நாட்காட்டி என்ற அளவில்தான் நான் அதை மதிக்கிறேன்.

கேள்வி: அக்டோபரில் பேரிக்காயை வேகவைத்து உண்டால் இருமல் நிற்கும் என்கிறார்களே?
– வாசகர், செம்பூர்

பதில்: கற்கண்டு சேர்த்து வேகவைத்த பேரிக்காய் சீன வீடுகளின் இலையுதிர்கால வழக்கம். உலோகப் பருவத்தின் குணம் வறட்சி, அது நுரையீரலைத் தாக்கும் என்பதால் வந்தது. மும்பையின் அக்டோபரோ இரண்டாவது கோடை. தூசியும் வறண்ட காற்றும் தொண்டையை அறுப்பது டிசம்பர், ஜனவரியில். மாதத்தைப் பார்க்காமல் காற்றைப் பார்த்து, அப்போது உண்ணுங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பேரிக்காயை நம்பியிராமல் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.