ஃப்ரிஜிட் புன்னகை – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கணவனைப் பிரியப்போகும் பெண் அவனைப் பார்த்து 'ஃப்ரிஜிட் ஸ்மைல்' ஒன்றைச் சிந்துகிறாள். 'குளிர்ந்த புன்னகை' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். அகராதியில் 'கடுங்குளிரான' என்றுதானே இருக்கிறது? எங்கே தவறினேன்?

வாசகி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சரியாகத்தான் படித்திருக்கிறார். அகராதியிலும் பிழையில்லை. குளிரைப் பற்றி இரண்டு மொழிகளும் வைத்திருக்கும் எண்ணம்தான் வேறு.

'ஃப்ரிஜிட்', குளிர்ந்தது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரெஃப்ரிஜிரேட்டரிலும் இருப்பது அதே வேர்தான். நேர்ப்பொருளில் காற்று, நீர், வானிலை, நிலப்பகுதி ஆகியவற்றோடு வரும். துருவ வட்டங்களுக்கு அப்பால், அதாவது சுமார் 66½ பாகைக்கு மேல் உள்ள பகுதி 'ஃப்ரிஜிட் ஜோன்', நம் பாடநூல்களின் குளிர் மண்டலம். உறைந்தே ஆகவேண்டும் என்ற கணக்கு இந்தச் சொல்லுக்கு இல்லை. 0 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் கடல்நீரையும் ஃப்ரிஜிட் என்பார்கள். இந்த இடங்களில் 'கடுங்குளிர்', 'உடம்பை விறைக்கவைக்கும் காற்று' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஆளைச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். தனக்குக் குளிர்கிறது என்பதற்கு 'ஐ ஆம் கோல்ட்' என்றோ 'ஃப்ரீசிங்' என்றோதான் சொல்ல வேண்டும். 'ஐ ஆம் ஃப்ரிஜிட்' என்றால் பொருள் வேறு. பாலுறவில் நாட்டமில்லாத பெண்ணை மருத்துவமே ஒரு காலத்தில் இந்தச் சொல்லால் குறித்தது. இன்று மருத்துவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அது வசையாகவே எஞ்சியிருக்கிறது. கதையில் ஒருவன் மனைவியை அப்படித் திட்டினால் திட்டாகவே மொழிபெயர்க்க வேண்டும், மருத்துவக் கலைச்சொல்லைப் போட்டு மழுப்பக்கூடாது.

இனி உங்கள் புன்னகை. ஆங்கிலத்தில் அன்பு வெதுவெதுப்பானது, அன்பின்மை குளிர்ந்தது. நமக்கோ கண்குளிரப் பார்ப்பதும் மனம் குளிர்வதும் இன்பம். வயிறு குளிர்ந்தால் வாழ்த்து, உச்சி குளிர்ந்தால் புகழ்ச்சி பலித்துவிட்டது. சூடாகப் பேசினார் என்றால் கோபம். அதனால் 'குளிர்ந்த' என்று எழுதிய உடனேயே உங்கள் நாயகி கனிந்துவிடுகிறாள். 'உறைந்த புன்னகை' என்று மாற்றினாலும் சரிவராது. தமிழில் ஒருவர் உறைவது அச்சத்தாலோ அதிர்ச்சியாலோதான். அச்சம் போனவனைத்தான் 'குளிர் விட்டுப்போச்சு' என்கிறோம்.

ஆங்கிலம் குளிரை வைக்கும் இடத்தில் தமிழ் பெரும்பாலும் வறட்சியை வைக்கிறது. நமக்கு அன்பென்றால் ஈரம்: ஈர நெஞ்சு, நெஞ்சில் ஈரமில்லாதவன், வறண்ட குரல். 91ஆம் குறளில் இன்சொல்லோடு கலந்திருப்பதும் ஈரம்தான். 'ஃப்ரிஜிட் வாய்ஸ்' வரும் இடத்தில் நான் வறண்ட குரல் என்றே எழுதுவேன். 'ஃப்ரிஜிட் ரிசெப்ஷன்' என்றால் 'முகம் கொடுக்கவில்லை', 'வா என்றுகூடச் சொல்லவில்லை' என்று செயலாகச் சொல்லிவிடலாம்.

இதன் உறவுச் சொற்களையும் தரம் பிரித்துக்கொள்ளுங்கள். 'சில்லி' (chilly) லேசான ஒட்டாமை. 'ஃப்ராஸ்டி' மனவருத்தம் தெரியும் விறைப்பு. 'ஐஸி'யில் பகை வெளிப்படையாகவே இருக்கும். 'ஃப்ரிஜிட்'டில் பகைகூடத் தெரியவேண்டியதில்லை, உணர்ச்சி முற்றாக வற்றியிருக்கும். 'கிளேசியல் பேஸ்' என்பதில் குளிரே கிடையாது. பனியாறு நகரும் மெதுவைச் சொல்கிறது, ஆகவே 'ஆமை வேகம்' போதும். வேதியியலிலும் ஒரு கிளேசியல் உண்டு: நீர் ஏறக்குறைய இல்லாத அசிட்டிக் அமிலம். சுமார் 16.6 டிகிரி செல்சியஸிலேயே பனிக்கட்டி போன்ற படிகமாக உறைவதால் வந்த பெயர் அது.

உங்கள் வரிக்கு, 'அவள் ஒப்புக்குச் சிரித்தாள்' என்பது போதாது. அதில் சலிப்புதான் இருக்கிறது, முறிவு இல்லை. 'உதடு மட்டும் விரிந்தது. அந்தச் சிரிப்பில் ஈரமில்லை' என்று எழுதிப் பாருங்கள். 'கண்ணில் ஈரமில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவள் அழவில்லை என்று ஆகிவிடும்.